சத்து மாத்திரை

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்று ஆகப்போகிறது. வேளைகெட்ட வேளையில் யாராவது கதவைத் தட்டினாலே உனக்கு நெஞ்சு படபடக்கும், மறக்கவில்லை. பதறாதே. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சங்கவி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு உன்னை மாதிரியே குப்புறப் படுத்துத் தூங்குகிறாள். பன்னிரண்டு வயது அவளுக்கு. கால் கட்டிலை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான், உனக்கும் மகன்தான். எட்டு மாதம். என் மடியில் கிடக்கிறான், கீழே விட்டால் அழுகிறான், அதனால் ஒரு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் அதுதான் காரணம். நீ பார்க்காத என் வீட்டுக்காரர் மகேஷ் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சங்கவியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டேன். "பொண்ணோட சேத்து பொண்ணு கெடச்சிகீது, எனக்கு லாபந்தான்" என்றார். சிரித்துவிட்டேன். அன்றைக்கு அவரிடம் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்ததை, சொல்லவேண்டியவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நாளைக் காலையில் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ போகும்போது நான் கல்லூரியில் கடைசி வருஷம். பிறகு எம்.எஸ்சி. முடித்தேன். இப்போது தினமும் திருவொற்றியூர் ஸ்டேஷனில் ரயில் பிடித்து ஒரு ஆராய்ச்சி லேபுக்குப் போகிறேன். மருந்து சாப்பிட்டும் எச்.ஐ.வி. அடங்காதவர்களின் ரத்தம் அங்கே வரும். அதிலிருந்து வைரஸின் மரபெழுத்தைப் பிரித்து வரிசையாகப் படிப்பது என் வேலை. எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது, அதனால் எந்த மருந்து இனி பயன்படாது என்று எழுதி அனுப்புவோம். டாக்டர்கள் அதைப் பார்த்து மருந்தை மாற்றுவார்கள்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இந்த வைரஸ் தன்னையே நகல் எடுத்துப் பெருகுகிறது. சரியான அவசரக்குடுக்கை. எடுத்த நகலைச் சரிபார்ப்பதே இல்லை. ஒவ்வொரு நகலிலும் எங்காவது ஒரு தப்பு. முழு அளவு மருந்து ரத்தத்தில் இருந்தால் அதனால் நகலே எடுக்க முடியாது, அதோடு கதை முடிந்தது. மருந்து அரைகுறையாக இருக்கும்போதுதான் விபரீதம். லட்சம் நகலில் ஏதோ ஒன்றில், மருந்து வந்து பிடிக்கிற அதே இடத்தில் ஒரு தப்பு விழுகிறது. மருந்தால் அதைப் பிடிக்க முடிவதில்லை. மற்றதெல்லாம் அடங்கிக் கிடக்க, அந்த ஒன்று மட்டும் பெருகுகிறது. 184ஆவது இடம் என்று ஒன்று இருக்கிறது அக்கா. அங்கே மாறிவிட்டால், நீ சாப்பிட்டாயே ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்து, அதில் ஒன்று அங்கேயே செத்துவிடும். 103இல் மாறினால் இன்னொன்று.

லேபில் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் ஒன்று உண்டு. பழைய ரத்தமெல்லாம் அதில் சின்னச் சின்னக் குழாய்களில் உறைந்து நிற்கிறது. பெயர் கிடையாது, எண் மட்டும். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது: "ஆராய்ச்சிக்கு ஒரு டியூப் ரத்தம் கேட்டாங்கடி. குட்தேன். யாருக்காச்சும் ஒதவட்டும்." அது எங்கே போனது என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தாலும் சொல்லமாட்டார்கள். ஆனால் பழைய குழாய் ஒன்றை எடுத்து, வரிசையைப் படித்து, 184உம் 103உம் சேர்ந்து மாறியிருந்தால் எனக்குக் கை நின்றுவிடும். எத்தனையோ பேருக்கு அப்படித்தான் மாறியிருக்கும். தெரியும். இருந்தாலும் திரையில் அந்த எழுத்துகளுக்கு நடுவில் நீ உட்கார்ந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஃப்ரீசர் கதவைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வருகிறதே, அதற்குள்ளிருந்து நீ அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கிறாய்.

எண்ணூர் வீட்டில், நீ மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்த என் வெள்ளைச் சுடிதாரை உதறி உதறிப் பார்த்தாய். நான் மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நீ சும்மா கேட்பதுபோலக் கேட்டாய்.

"ஏய், ரெண்டு வேள போட்ற மாத்திரைய ஒரு வேள போட்டா, பாதியாச்சும் வேல செய்யுமில்ல? நீதான் படிக்கிறியே, சொல்லேன்."

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். "செய்யும்க்கா. பாதி செய்யும்."

ஏதோ காய்ச்சல் மாத்திரை என்று நினைத்தேன். உனக்கும் மாமாவுக்கும் சங்கவிக்கும் இருந்தது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. காலை மாத்திரையை நீ போட்டுக்கொண்டு ராத்திரி மாத்திரையை மாமாவுக்குக் கொடுத்தாய் என்பது, மாமா போய்ச்சேர்ந்து, நீயும் வார்டில் படுத்த பிறகுதான் தெரிந்தது. "அவுரு மருந்து குடுக்குற செண்டருக்கு வரமாட்டேன்னுட்டாருடி. கூட ஹார்பர்ல வேல செய்றவனோட பொண்டாட்டி அங்க கூட்டிப் பெருக்குதாம், வெக்கமா கீதுன்னாரு. கண்ணு முன்னால இருமிக்கினு கெடக்குறாரு. நான் மட்டும் எப்பிடி முழுங்குறது?" என்றாய். சங்கவியின் மருந்தில் மட்டும் நீ கை வைக்கவில்லை. டாக்டர் உன் மருந்தை மாற்ற ஏற்பாடு செய்து முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். சங்கவிக்கு மூன்று வயது.

பாதி மருந்து பாதி வேலை செய்யாது அக்கா. நான் அன்று "செய்யாது" என்று சொல்லியிருந்தால் நீ கொடுத்திருக்கமாட்டாயா? இல்லை, அப்போதும் கொடுத்திருப்பாயா? ஒன்பது வருஷமாக இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் நான் படிக்கிறேன், வேலை பார்க்கிறேன், ரயில் ஏறுகிறேன்.

சரி, சங்கவி விஷயத்துக்கு வருகிறேன்.

செண்டரில் மருந்து வாங்கியதும் எல்லோரும் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமே. நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். வாசல் குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்று அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடுவது. பாட்டிலில் இருக்கிற தாளை நகத்தால் சுரண்டுவது. பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் போடக்கூடாது என்று உள்ளே பஞ்சு அடைப்பது. அந்தத் தொட்டியில் மட்டும் எப்போதும் காகிதம் நிரம்பி வழியும். நானும் அப்படியே செய்தேன். ஒருபடி மேலே போய், மாத்திரைகளை ஒரு வைட்டமின் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். என்ன மாத்திரை என்று சங்கவி கேட்டபோது, "உடம்புல தெம்பு வேணும்ல, அதுக்குச் சத்து மாத்திரை" என்றேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. பத்து வயதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பத்து வந்தது. பெரியவளாகட்டும் என்றேன். ஆனாள். அப்புறம் நான் பிள்ளை உண்டானேன். அப்புறம் இவன் பிறந்தான்.

இவன் பிறந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ராத்திரி எட்டு மணி அடித்ததும் நானே எடுத்துக் கொடுத்து, விழுங்குகிறாளா என்று பார்த்த மாத்திரையை, "நீயே போட்டுக்கோ, நீ இப்ப பெரிய பொண்ணு" என்று டப்பாவோடு கொடுத்துவிட்டேன். மாசாமாசம் செண்டரில் மிச்சத்தை எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று கூடக் கணக்கு பிசகவில்லை.

போன மாதம் அவள் ரத்தத்தில் வைரஸ் அளவு ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. இத்தனை வருஷம் கண்ணுக்கே தெரியாமல் கிடந்தது. மருந்து கேட்கவில்லையோ, எழுத்து மாறியிருக்குமோ என்று டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்தப் பரிசோதனை எங்கள் லேபுக்குத்தான் வரும். வந்தது. எண் மட்டும் ஒட்டிய ஒன்பது குழாய், ஒன்பதும் சின்னப் பிள்ளைகளுடையது. அதில் எது அவளுடையது என்று எனக்குத் தெரியாது. இந்த வாரம் எனக்குக் கொடுக்காதீர்கள் என்று மேடத்திடம் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டு செய்தேன்.

ஒன்பதையும் படித்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் 184ஐத்தான் பார்த்தேன். பார்க்கும் முன் கண்ணை ஒருதரம் மூடிக்கொள்வேன். எட்டில் எங்கேயாவது ஏதாவது மாறியிருந்தது. ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு எழுத்து கூட மாறவில்லை. மருந்தையே பார்க்காத வைரஸ் மாதிரி அப்படியே இருந்தது. அப்படி இருந்தால் எங்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். ஆள் மருந்து சாப்பிடுவதில்லை.

பக்கத்து மேஜை பானு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வருசக்கணக்கா மருந்துல இருக்கறதா எழுதியிருக்கு. முழுங்கறதே இல்ல போல. சின்னப் புள்ள வேற."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டுல பாத்துக்க ஆளே இல்லியா? என்ன பொம்பளைங்களோ" என்றேன்.

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன் அக்கா. பன் வாங்கித் தின்றேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கூப்பிட்டார். "நல்ல செய்திம்மா. எந்த மாற்றமும் இல்லை. மருந்து வேலை செய்யும். ஆனா மருந்து அவ உடம்புக்குள்ள போகலை. என்னன்னு கொஞ்சம் பாருங்க." ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் சங்கவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். திட்டவில்லை. அவள் மறைக்கவும் இல்லை. ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். காம்பஸுக்குப் பக்கத்தில், நோட்டுத்தாளில் மடித்து, திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய மாத்திரை.

"என் ஃபிரண்டு ஜெனி ஸ்கூல் ப்ரேயர்ல தொப்புனு வுழுந்துட்டா சித்திம்மா. ஒடம்புல சத்தே இல்லன்னு மிஸ்ஸு சொன்னாங்க. நம்மகிட்டதான் சத்து மாத்திரை கீதே! எனக்கு இன்னா, நான் நல்லாத்தானே கீறேன்?"

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா. லீவு நாள்ல அவளுக்குக் குடுக்க முடியாதில்ல, அன்னிக்கு நான் போட்டுக்குவேன்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா சித்திம்மா?" என்றாள்.

"இல்லடா" என்றேன். வேறு எதைச் சொல்ல? அவள் ரத்தத்தின் ஒரு துளியில் இருந்த எழுத்தையெல்லாம் நானே என் கையால் படித்தேன். நீ செய்ததை அவள் அப்படியே செய்துகொண்டிருப்பது அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. உன்னைப் பற்றி அவளிடம் யாரும் சொன்னதில்லையே அக்கா. யார் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு?

இப்போதைய மருந்து நீ சாப்பிட்டதை மாதிரி இல்லை, சுலபத்தில் வளைந்துகொடுக்காது. அதனால் தப்பித்தாள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் ஜெனியைப் பற்றியும் சொன்னேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் அவளுக்கும் ஒருதரம் ரத்தம் பார்த்துவிட வேண்டும், திங்கட்கிழமை அழைத்து வாருங்கள், அவள் வீட்டுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார்.

ஜெனியின் அம்மா ஸ்டெல்லா அக்கா கடற்கரைக் குப்பத்தில் இருப்பவள். மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடியட்டும் என்று காத்திருந்து, மத்தியானம் இவனைத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து, விற்றது போக மிச்சம் இருந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, இந்த வெயில்ல கொயந்தைய தூக்கிக்கினு வந்துகிறே?" என்றாள். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவளுக்கு நான் டீச்சரம்மாதான்.

சொன்னேன். மாத்திரையின் பெயரைச் சொன்னேன், எதற்கான மாத்திரை என்று சொன்னேன். கத்தி நின்றது.

"எய்ட்ஸு மாத்திரையா? எம்பொண்ணு வாய்லயா?"

"மாத்திரையால நோய் வராதுக்கா. நோயை அடக்கற மருந்துதான் அது. ஒருதரம் ரத்தம் மட்டும் பாத்துடலாம்னு டாக்டர் சொல்றாரு."

"நோவு யாருக்கு? உனுக்கா?"

அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கா? அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"பன்னெண்டு வயசு. தெனம் இன்னாத்த முழுங்குறோம்னு அதுக்கே தெரியாதா? நல்லா கீதுமா நீ வளக்குற லச்சணம்!" கத்தியை அலுமினிய அன்னக்கூடையில் வீசினாள். வீட்டுக்குள்ளே ஜெனி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா அக்கா திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாலு மாசமா அது மயங்கி வுழல. ஃபிரண்டு சத்து மாத்திரை குடுக்குதும்மான்னு சொல்லிச்சு. இன்னா மாத்திரை, யாரு வாங்கினதுன்னு நான் கேட்டனா? கேக்கல. விடியகாலம் மூணு மணிக்கு மீன் எடுக்க ஓட்றேன். கெடச்சவரிக்கும் சந்தோசம்னு இருந்துட்டேன்."

கத்தியைத் திரும்ப எடுத்து ஒரு மீனை ஆய்ந்தாள். அப்புறம் அவளே சொன்னாள். "மாத்திரைக்கு முன்னால ரெண்டு இட்லி குடுக்குமாம் உம்பொண்ணு. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு சித்திம்மா சொல்லிகீறாங்களாம். ரெண்டும் ஒரே டப்பால துன்னுங்களாம்."

அந்த இட்லிதான் அக்கா. ஜெனியை நிற்கவைத்தது அந்த இட்லிதான். நான் சொன்ன பொய்யை என் பெண் அவ்வளவு நம்பி, நான் போட்ட விதியையும் சேர்த்துக் கடைப்பிடித்திருக்கிறாள்.

கிளம்பும்போது ஸ்டெல்லா அக்கா சொன்னாள். "நாளைக்கி ஆஸ்பத்திரிக்கி ஜெனிய கூட்டிகினு வரேன். இன்னாத்துக்கும்மா ரத்தம் எடுக்குறாங்கன்னு அது கேக்கும். எனுக்குப் பொய் சொல்ல வராது. அதுக்குள்ள நீ உம்பொண்ணுக்குச் சொல்லிடு. எம்பொண்ணு சொல்லி உம்பொண்ணு தெரிஞ்சிக்கக்கூடாது. அவ்ளோதான்."

எப்போது போனாலும் அவள் இவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைப்பாள். இன்று கிள்ளவில்லை. மீன் கை என்பதாலா, வேறு எதனாலா? வழி நெடுக அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சங்கவிக்கு இனி எத்தனை கை இப்படிப் பாதியில் நிற்கும்?

வந்து, எட்டு மணிக்கு நானே மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கினாள், நாக்கை நீட்டிக் காட்டினாள், சிரித்தாள். அவள் தூங்கிய பிறகு டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டேன். மாத்திரைகளைச் செண்டரில் கொடுத்த பழைய பாட்டிலுக்கே மாற்றினேன். தாளை முழுக்கச் சுரண்டியிருந்தேன், ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் புதுத்தாள் ஒட்டி மருந்தின் பெயரைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். பாட்டிலை எடுத்தால் கலகலவென்று சத்தம் வருகிறது. நீ போன பிறகு இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நடுராத்திரியில் பயமாகத்தான் இருக்கிறது. உன் வளையல் மாதிரியும் இருக்கிறது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். காலையில் அவள் பல் தேய்த்து வந்ததும் சொல்லிவிடுவேன். நோயின் பெயரைச் சொல்வேன். அது உன்னிடமிருந்து வந்தது என்பதைச் சொல்வேன், நீ மருந்தைப் பங்கு போட்டதைச் சொல்வேன், நான் மொட்டைமாடியில் சொன்ன பதிலையும் சொல்வேன். இட்லியைக் கொடு, மாத்திரையைக் கொடுக்காதே என்பேன். பானுவிடம் நான் சொன்ன வார்த்தையைக்கூட மறைக்கமாட்டேன். இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுப்பேன். அவள் சரி என்றால்தான், பெயர்களை மாற்றி, இதை நாலு பேர் படிக்கக் கொடுப்பேன். ஆகவே இதை யாராவது படிக்கிறார்கள் என்றால், சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

எல்லாம் யோசித்துவிட்டேன். ஆரம்பிக்கத்தான் தெரியவில்லை. பதினைந்து முறை மனசுக்குள் ஆரம்பித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் "தப்பா சித்திம்மா?" என்று அவள் குறுக்கே கேட்கிறாள். முதல் வார்த்தையை மட்டும் நீ சொல்லேன். நீ அவளைக் கூப்பிடுவாயே, காலையில் எழுப்பும்போது, ஒரு பெயர் வைத்து. எனக்கு மறந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆறரைக்கு எழுந்துவிடுவாள். சீக்கிரம் பதில் எழுது அக்கா.

உன் தங்கச்சி,
சங்கவியின் சித்திம்மா